ஆர்.வி. வெந்நீர்த் தொட்டியைக் காலி செய்த கதை

முன்கையில் சிவந்த இடம் இப்போதுதான் ஆறியிருக்கிறது. மூன்று வாரம் ஆகிவிட்டது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஹீட்டரின் ஆனோடு கம்பியில் (தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் உலோகக் கம்பி) கை வைக்கும் முன் தொட்டியில் இருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோ. போன வருடம் பழைய ஆர்.வி. ஒன்று, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகிற டிரெய்லர், வாங்கினோம். அதில் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் பிடிக்கிற சபர்பன் கம்பெனி ஹீட்டர். ஒரு நாள் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. பச்சைத் தண்ணீர்க் குழாயில் அது இல்லை. அப்படியென்றால் கோளாறு ஹீட்டருக்குள்தான். தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு மெக்னீசியத்தால் ஆன அந்த ஆனோடு கம்பி தோதாகிவிடுகிறது, அதில் கிளம்பும் வாயுதான் இந்த வாடை. கம்பியை மாற்றி, தொட்டியைக் கழுவ வேண்டும்.

கம்பியைக் கழற்ற சாக்கெட் வேண்டுமே என்று 25 மைல் வண்டி ஓட்டிப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என்ன கம்பெனி ஹீட்டர் என்றுகூடக் கேட்கவில்லை. ‘ஆர்.வி. ஹீட்டரா, இதுதான்’ என்று 7/8 அங்குல சாக்கெட்டைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் கம்பியின் தலையில் ஏறவே இல்லை. அந்த அளவு அட்வுட் என்ற வேறு கம்பெனி ஹீட்டரின் பிளாஸ்டிக் மூடிக்கு உரியது. அலுமினியத் தொட்டி என்பதால் அதில் ஆனோடு கம்பியே கிடையாது. சபர்பனுக்கு வேண்டியது 1 1/16 அங்குலம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு அரை நாள் மிஞ்சியிருக்கும். மறுபடி கிளம்பும்போதுதான் காரில் கிடந்த 27 மி.மீ. சாக்கெட் நினைவுக்கு வந்தது. 1 1/16 அங்குலம் என்பது 26.99 மி.மீ. கச்சிதமாக உட்கார்ந்தது! அந்த நாளில் நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

அடுத்து நடந்ததுதான் அந்தச் சூடு. கேஸ், கரன்ட் இரண்டையும் அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளிக் குழாயை மூடிவிட்டேன், பம்பும் ஓடவில்லை. இது போதும் என்று கம்பியைத் திருகினேன். கடைசிப் புரி விட்டதும் கம்பி தெறித்து விழுந்து, வெந்நீர் கையில் பீய்ச்சியது. தண்ணீர் வரத்தை அடைத்தாலும் தொட்டியின் மேல்பக்கம் அடைபட்ட காற்று சூட்டில் அழுத்திக்கொண்டே இருக்கும். சுற்றிலும் காப்பு இருப்பதால் மணிக்கணக்கில் சூடும் இறங்காது. டிரெய்லர் சுவரெல்லாம் வெள்ளைக் கோடு, படிக்கட்டடியில் சேறு. பர்னரும் நனைந்து சாயங்காலம் வரை பற்றவில்லை.

வெளியே வந்த கம்பியைப் பார்த்ததும் மனசு பதறியது. வெறும் ஒயரும் அங்கங்கே இரண்டு கட்டிகளும்தான் மிச்சம். முக்கால்வாசி கரைந்தாலே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு இரும்புத் தொட்டிக்குத் தாவிவிடும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த புதுக் கம்பியை மாட்டினேன். வாடை போய்விட்டது.

ஆனால் அன்று கை எரிச்சலில் உள்ளே கழுவாமல் விட்டுவிட்டேன். அடுத்த வாரமே குழாய் வாயில் சுண்ணாம்புச் செதில் அடைத்துக்கொண்டது. எங்கள் ஊர்த் தண்ணீர் எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கேட்க வேண்டுமா. காலி செய்யும் துவாரம், அதாவது கம்பி மாட்டியிருக்கும் ஓட்டை, தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. தண்ணீர் இறங்கும், செதில் அங்கேயே தங்கும்.

போன சனிக்கிழமை முறையாகச் செய்தேன். முந்தின இரவே ஹீட்டரை அணைத்தாயிற்று. காலையில் சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஓட்டம் நிற்கும்வரை விட்டேன். பர்னர் மேல் பழைய துண்டு ஒன்றைப் போர்த்தினேன். துவாரத்துக்குக் கீழே கூரை மழைநீர் வடிய வைக்கும் மூன்றடி பிளாஸ்டிக் வாய்க்காலைச் சாய்த்து, மறுமுனையில் வாளி. வாளி 5 கேலன், தொட்டி 6 கேலன் என்பதை மறக்காதீர்கள், இரண்டாவது வாளியைப் பக்கத்திலேயே வையுங்கள். கம்பி வெளியே வந்த பிறகுதான் பிரஷர் வால்வின் லீவரைத் தூக்கினேன். காற்று உள்ளே போனதும் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. அழுத்தத்தை இறக்க அந்த வால்வையே திறக்கலாம்தான், ஆனால் சில சமயம் அது சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் எனக்குக் குழாய் வழிதான் பிடித்திருக்கிறது. அப்புறம் ஹோஸில் நீளமூக்கை மாட்டி உள்ளே அலசினேன். வந்தது தண்ணீரா மோரா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வெள்ளை. தெளியும்வரை விடவில்லை. சுவரில் ஒரு சொட்டுகூட வழியவில்லை, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாட்டும்போது டெஃப்லான் டேப் மூன்று சுற்று, முதல் சில புரிகளைக் கையாலேயே ஏற்றுங்கள். தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாய்கள் காற்றுத் துப்பாமல் சீராக ஓடும்வரை கரன்ட் சுவிட்சைப் போடவே கூடாது. வெறும் தொட்டியில் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பிச் சுருள் நொடியில் போய்விடும். என் மனைவி உள் சுவிட்ச் மேல் காகிதம் ஒட்டி ‘தொடாதே’ என்று எழுதி வைத்தாள். நான் போய்க் குழாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அதைக் கிழித்தாள்.

நவம்பரில் குளிர் இறங்கும் முன் இன்னொரு முறை காலி செய்ய வேண்டும். 2021 பிப்ரவரியில் இங்கே குழாய்கள் உறைந்து வெடித்ததைப் பார்த்தவன் நான். 27 மி.மீ. சாக்கெட்டையும் பிளாஸ்டிக் வாய்க்காலையும் டிரெய்லரிலேயே வைத்துவிட்டேன்.