மாத்திரையில் தொடங்கி மாத்திரையிலேயே நின்றது

அப்போது கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. எனக்கு மாதவிலக்கு வருடத்துக்கு நான்கு முறை வந்தாலே பெரிது. ஊரில் பார்த்த டாக்டர் முட்டை வளர க்ளோமிஃபீன் என்ற மாத்திரை எழுதித் தந்தார். நான்கு மாதம் சாப்பிட்டேன், ஒரு மாதம்கூட ஸ்கேன் இல்லை. முட்டை வளர்ந்ததா, வெடித்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்துப் போன பெரிய மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த கையோடு, "சினைப்பையில ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி. வயித்துல சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில பொசுக்கிடலாம், இல்லன்னா நேரா ஐ.வி.எஃப். போயிடலாம்" என்றார்கள். ஐ.வி.எஃப். என்றால் முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, உள்ளே வைப்பது. கட்டண விவரம் அச்சடித்த தாளோடு வெளியே வந்தோம். என் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதித் தரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நாத்தனார்தான், "அண்ணி, இன்னொருத்தர்கிட்டயும் காட்டிடுவோம்" என்று திருச்சிக்கு அழைத்துப் போனாள். அந்த டாக்டரம்மா பழைய ஸ்கேன் படத்தை எடுத்து, ஓரமாக மணி கோத்த மாதிரி இருந்த கறுப்புப் புள்ளிகளைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இவை கட்டியே இல்லையாம். பாதி வளர்ச்சியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகளாம். "எடுத்துப்போட இதுல ஒண்ணுமில்லம்மா. மாசம் ஒண்ணு முழுசா வளர்ந்தா போதும்." நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டே இரண்டு வருடம் பயந்திருந்தவள் நான்.

கணவருக்கான பரிசோதனை, எனக்குக் கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி., தைராய்டு, சர்க்கரை எல்லாம் முதலில் முடிந்தன. என் சர்க்கரை மட்டும் கொஞ்சம் எல்லையில் நின்றது. அதற்கு மெட்ஃபார்மின். ஆனால் குழந்தைக்கு அது மட்டும் போதாது என்றும் சொல்லிவிட்டார். 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்குத்தான் குழந்தை பிறந்தது. க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 சதவீதம்.

முட்டை வளர எனக்கு அவர் எழுதியது லெட்ரோசோல் என்ற மாத்திரை. வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தால், மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு என்று இருக்கிறது! அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் போனில் கேட்டதும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். 2011இல் குழந்தையின்மைக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் தடை போட்டார்கள், 2017இல் நீக்கிவிட்டார்கள். நடுவில், 2014இல், என் போன்ற 750 பெண்களிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. ஐந்து சுற்றுகள் வரை கொடுத்துப் பார்த்ததில் லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்கும் க்ளோமிஃபீனில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைகளின் பிறவிக் குறைபாட்டில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் மாத்திரையை வாயில் போட்டேன்.

மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், 2.5 மி.கி. முதல் மாதம் ஒன்றுமே வளரவில்லை. அடுத்த மாதம் 5 மி.கி. பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் வலது பக்கம் 11 மி.மீ. பதினான்காம் நாள் 15. பதினாறாம் நாள் திரையில் அது கறுப்பாக, உருண்டையாகத் தனியாகத் தெரிந்தது. "19" என்று சிஸ்டர் எழுதிக்கொண்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் உடம்பு ஒரு முட்டையை முழுசாக வளர்த்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றே முட்டை வெடிக்க எச்.சி.ஜி. ஊசி போட்டார்கள்.

அந்த மாதம் தங்கவில்லை. அதற்கடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது.

வரிசையில் பக்கத்தில் உட்காரும் ஓர் அக்காவுக்கு மாத்திரை எதுவும் கேட்கவில்லை. ஹார்மோன் ஊசிக்குப் போனார்கள். ஒரே மாதத்தில் நான்கு முட்டை பெரிதாகிவிட்டதால், இரட்டை, மூன்று குழந்தை ஆகிவிடும் என்று அந்தச் சுற்றையே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பெண்ணுக்கு ஐ.வி.எஃப். ஊசியில் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நம் மாதிரி நிறைய முட்டைப் பைகள் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் இப்போது முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியை மாற்றிப் போட்டு, கருவை உறைய வைத்து, உடம்பு தேறிய பிறகு உள்ளே வைக்கிறார்கள். கருக்குழாய் அடைபட்டவர்களுக்கும், கணவருக்கு உயிரணு மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் ஐ.வி.எஃப். பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அந்த இரண்டுமே இல்லை. அதைக்கூடப் பார்க்காமல் லட்சக்கணக்கில் கட்டச் சொன்னார்களே என்பதுதான் என் ஆதங்கம். மாத்திரைக்கு எனக்கு ஆனது சில நூறு ரூபாய்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. மாதவிலக்கு பழையபடி தள்ளித் தள்ளித்தான் வருகிறது, சர்க்கரையும் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 11, 15, 19 என்று சிஸ்டர் எழுதிய அந்தச் சீட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.