சிஎம்ஐ எண்ட்ரன்ஸ் எழுதி உள்ள போன கதை

ப்ளஸ் டூ பசங்க அடிக்கடி கேக்குறாங்க, சிஎம்ஐ போறது எப்படிண்ணே, என்ன படிக்கணும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். சிஎம்ஐன்னா சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிட்யூட், சிறுசேரி சிப்காட் ஐடி பார்க் உள்ள இருக்கு.

எனக்கு ஊரு தூத்துக்குடி பக்கம். எண்ட்ரன்ஸை விட வீட்ல சம்மதம் வாங்குறதுதான் பெரிய பரீட்சை. சித்தப்பா "கணக்கு படிச்சா வாத்தியார் வேலைதான, அதுக்கு எதுக்குல மெட்ராஸ் வரைக்கும்"னு ஆரம்பிச்சிட்டாரு. அப்பாவுக்கு ஒரே கேள்விதான், "ஏல, டிகிரி செல்லுமா அது?" நான் மெதுவா, இது 1989ல ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷன்ல கணித மேதை சி.எஸ்.சேஷாத்ரி ஆரம்பிச்சதுப்பான்னு சொன்னேன், ஸ்பிக்னதும் மூஞ்சியே மாறிடுச்சு, எங்க ஊர்ல ஸ்பிக்னா உர ஃபேக்டரி, தெரியாதவங்களே கிடையாது. "உரக் கம்பெனிக்காரன் கணக்கும் சொல்லித் தர்றானா"ன்னு கேட்டாரு பாருங்க. பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஆனா டிகிரி பத்தி அவர் பயந்ததுல தப்பில்ல. 1998ல பிஎஸ்சி ஆரம்பிச்சப்போ டிகிரி குடுத்தது போபால்ல இருக்கிற போஜ் ஓப்பன் யுனிவர்சிட்டி, 2006லதான் இவங்களே டிகிரி குடுக்கலாம்ங்கிற டீம்டு யுனிவர்சிட்டி அந்தஸ்து கிடைச்சுது. அதுக்கு முந்தி தி.நகர் ஜி.என்.செட்டி ரோடு கட்டடத்துல நடந்துட்டிருந்துச்சு, 2005ல சிறுசேரி. அந்த போஜ் டிகிரிய நம்பி சேந்த முதல் பேட்ச் பசங்க வீட்ல என்னெல்லாம் கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சா சிரிப்புதான் வருது.

சரி எண்ட்ரன்ஸ். மே மாசம் நடக்கும். ஏ பார்ட்ல சின்ன சின்ன கேள்வி, அதுல கட்-ஆஃப் தாண்டினாதான் பி பார்ட்டையே திருத்துவாங்க, பி பார்ட் முழுக்க புரூஃப், அதாவது விடை ஏன் சரின்னு படிப்படியா நிரூபிச்சு எழுதணும். ஜேஇஇ கோச்சிங் ஃபார்முலா இங்க பாதி தூரம்தான் வரும். ஒரு சாம்பிள் சொல்றேன் (பழைய கணக்குதான், எல்லாரும் பழகுறது): 1லேருந்து 100க்குள்ள எந்த 51 நம்பர் எடுத்தாலும் அதுல ஒண்ணு இன்னொண்ண மீதியில்லாம வகுக்கும்னு காட்டணும். நம்பர் போட்டு பாத்துட்டே இருந்தா விடிஞ்சிடும். எந்த நம்பரையும் ரெண்டால வகுத்துட்டே போனா கடைசில ஒரு ஒற்றைப்படை நம்பர்ல நிக்கும்ல, 48ன்னா 3, 96ன்னாலும் 3. 100க்குள்ள ஒற்றைப்படை மொத்தமே 50தான், நம்ம கைல 51 இருக்கு, அப்ப ஏதோ ரெண்டு ஒரே இடத்துல வந்து நின்னே ஆகணும், அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் எத்தன தடவ ரெண்டால பெருக்கியிருக்குங்கிறது மட்டும்தான், அதனால சின்னது பெருச வகுக்கும். முடிஞ்சுது! இத நாலே வரில, அடுத்தவனுக்குப் புரியுற மாதிரி எழுதத் தெரியணும், அவ்ளோதான் கேக்குறாங்க. பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் அவங்க சைட்லயே இருக்கு, டைம் வச்சு எழுதிப் பாருங்க, எழுதினத வேற யாராவது படிக்கக் குடுங்க. கணக்கு ஒலிம்பியாட் போட்டிக்கான புக் இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவால்ல.

உள்ள போனா, மொத்த கேம்பஸும் அஞ்சு ஏக்கர்தான். பக்கத்துல டிசிஎஸ் ஆபீஸ் அவ்ளோ பெருசா நிக்கும், அதுக்கு முன்னாடி இது ஸ்கூல் மாதிரி தெரியும். ஆளும் கம்மி, அதனால கிளாஸ் கட் அடிச்சா சாயங்காலத்துக்குள்ள சாருக்குத் தெரியும், அதே சார் மெஸ் வாசல்ல நிறுத்தி டவுட்டும் சொல்லித் தருவாரு. பெங்காலி பசங்க நிறைய, மீன் விஷயத்துல தூத்துக்குடிக்காரனுக்கும் அவங்களுக்கும் சண்டை ஓயவே ஓயாது. டெஸ்ஸலேட்னு எங்க காலேஜ் ஃபெஸ்ட்ட பசங்களே நடத்துறோம், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஸ்டெம்ஸ்னு எக்ஸாமும் அதுலயே வைக்கிறோம், அதையும் எழுதிப் பாருங்க.

ஸ்கூல்ல பைத்தான் படிச்சிருக்கோம், கோடிங் ஈஸின்னு நெனச்சு வர்றவங்களுக்கு ஒண்ணு. முதல் செம் புரோகிராமிங் ஹாஸ்கெல்ங்கிற லாங்வேஜ்லதான். பைத்தான்ல ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ஃபார் லூப் இருக்கும்ல, அதுல அதுவே கிடையாது. கோடிங் தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரும் பேந்தப் பேந்த முழிப்போம், என்ன மாதிரி கம்ப்யூட்டர் குரூப் எடுக்காம வந்தவனுக்கு அது ஒரு வகைல நல்லதாப் போச்சு.