அம்மா கேட்ட போன்

அம்மாவுக்குப் புது போன் வாங்க நேற்று குடியாத்தத்திலிருந்து வேலூர் வந்தோம். கடைப்பையன் மெகாபிக்சல், ஜிபி என்று அடுக்கிக்கொண்டே போனான். அம்மா கேட்டது இவ்வளவுதான்: "எழுத்து பெருசா தெரியுமா கண்ணு? சார்ஜ் ராத்திரி வரைக்கும் நிக்குமா?" அவனிடம் நேரான பதில் இல்லை. வாங்காமலே கிளம்பிவிட்டோம்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே பழைய போனின் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் இதைச் செய்து தரவில்லையே என்று எனக்குத்தான் மனசு கனத்துப்போனது.

மிச்சம் பேட்டரி. இப்போதைய போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு வெயில் ஆகாது. ஆப்பிளே 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டுகிறதே! பழைய பட்டன் போனில் பின்மூடியைக் கழற்றி நாமே பேட்டரி மாற்றுவோம். இப்போது ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். பயன்படுத்துபவரே மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே சட்டம் போட்டது; சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது. இங்கேயும் வேண்டும்.

அப்புறம், பேட்டரி மாற்றக் கொடுத்தாச்சு. போன் திரும்பி வரும்வரை அம்மாவுக்கு என் போனில்தான் பெரியம்மாவோடு பேச்சு.