ஈக்வலைசரைக் கடைசியாகத் தொடுங்கள்

காரில் புது ஸ்பீக்கர், புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் மாட்டியாயிற்று. பாட்டை ஓடவிட்டால் பேஸ் அமுங்கிக் கிடக்கிறது. பாடகரின் குரல் ஓட்டுநர் பக்கக் கதவுக்குள்ளிருந்து வருகிறது. உடனே விரல் போவது, ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசருக்குத்தான். 60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் பேஸ் கூடுவதில்லை, கதவுதான் கூடுதலாக நடுங்குகிறது. இந்தக் குறைகள் பெரும்பாலும் கதவிலும் கம்பியிலும் கிராஸ்ஓவரிலும் (எந்த ஸ்பீக்கருக்கு எந்த அதிர்வெண் என்று பிரிப்பது) தூரக் கணக்கிலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தீர்க்காமல் ஈக்வலைசரைத் திருகுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போல.

முதலில் கதவு. குரலையும் நடுத்தர பேஸையும் தரும் மிட்பேஸ் ஸ்பீக்கருக்குப் பெட்டி அதுதான். பேனலைக் கழற்றிப் பாருங்கள்: மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். கூம்பின் முன்பக்கக் காற்று அழுந்தும்போது பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டும் அந்த ஓட்டை வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். எத்தனை வாட் கொடுத்தாலும் பேஸ் வராததற்கு முதல் காரணம் இதுதான்.

வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று நீளமாக ஒலிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, 2 மில்லிமீட்டர் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ரோலரால் அதன் அலுமினிய மேற்பரப்பின் புடைப்புகள் தட்டையாகும்வரை அழுத்துங்கள். இப்போது தட்டினால் ‘தொப்’ என்று அடங்கும். தகட்டின் பரப்பில் 25 முதல் 30 சதவீதம் மூடினாலே இதற்குப் போதும், முழுக்க ஒட்டினால் எடைதான் ஏறும். உள்தகடு வேறு கதை. அங்கே ஓர் ஓட்டையும் மிஞ்சக் கூடாது. பெரிய ஓட்டைகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி வைத்து, அதன்மேல் ஷீட் ஒட்டுங்கள். கதவின் அடிவிளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் மறந்தும் அடைக்காதீர்கள். அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கித் துரு பிடிக்கும்.

ஸ்பீக்கர் வளையத்துக்கு 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் நல்லது. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) ஈரத்தில் ஊறி உப்பிவிடும். வளையத்தின் தடிமனை முடிவுசெய்வதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் அது இடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கும் கதவு பேனலுக்கும் இடையே ஃபோம் வளையம் ஒட்டாவிட்டால், ஒலியில் ஒரு பங்கு பேனலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கரண்ட். உதாரணமாக, நான்கு சேனலுக்கு 75 வாட் வீதம் 300, ஆழ்ந்த பேஸுக்கான சப்வூஃபருக்கு (சப்) 500, ஆக 800 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்). கிளாஸ் டி வகை ஆம்பின் திறனை 80 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 1000 வாட் எடுக்கும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 72 ஆம்பியர். ஐந்து மீட்டர் ஓட்டத்துக்கு 21 சதுர மில்லிமீட்டர், அதாவது 4 கேஜ் செப்பு வயர் போட்டால் முழுச் சுமையில் சுமார் 0.3 வோல்ட் இழப்பு. அதே தடிமனில் செப்புப் பூச்சுள்ள அலுமினிய வயர் என்றால் இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், ஆகவே செப்பையே வாங்குங்கள். ஃபியூஸ் 100 ஆம்பியர், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காக்க அல்ல, வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடு) வயர் நுழையும் துளைக்கு ரப்பர் கிராமெட் கட்டாயம். வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள்.

எர்த் இணைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். பாசிட்டிவ் வயரின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள். பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனையின் லக்கை (உலோக வளையம்) போல்ட், ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் அடித்து மூடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும், மறுமுனையை நீளமான வயர் சேர்த்துப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாட்டைச் சத்தமாக ஓடவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த சுதி ஏறும் ரீங்காரம் வந்தால் அது ஆல்டர்னேட்டர் சத்தம். ஆம்பை அணைத்து, அதற்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைக் கழற்றி, ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். ரீங்காரம் போய்விட்டால் சத்தம் ஆம்புக்கு முன்னாலிருந்து வருகிறது. ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் உள்ள பிளேயர்), டிஎஸ்பி (ஒலியைச் சீரமைக்கும் டிஜிட்டல் கருவி), ஆம்ப் மூன்றுக்கும் எர்த்தை ஒரே இடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஃபில்டர் வாங்குவது அதற்குப் பிறகு.

இனி ஆம்பில் உள்ள கெயின் திருகு. இதை வால்யூம் திருகு என்று நினைப்பதால் கருகிய ஸ்பீக்கர் காயில்கள் ஏராளம். ஹெட் யூனிட்டின் சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது மட்டுமே இதன் வேலை. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் வரும். 4 ஓமில் 75 வாட்டுக்கு 17.3 வோல்ட், 2 ஓமில் 500 வாட்டுக்கு 31.6 வோல்ட். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஹெட் யூனிட்டை முக்கால்பங்கு வால்யூமில் வைத்து, 0 டெசிபலில் பதிவான டோனை (ஒரே அதிர்வெண் ஒலி) ஓட்டுங்கள். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ், மற்ற சேனல்களுக்கு ஹை பாஸை (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) அணைத்து 100 ஹெர்ட்ஸ். மலிவான மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் ஏசி வோல்ட்டைத் தவறாகக் காட்டக்கூடும், அதனால்தான் 100. அந்த வோல்ட் வந்ததும் கெயினை நிறுத்தி, ஹை பாஸை மறுபடி போடுங்கள். ஹெட் யூனிட்டிலேயே சிக்னல் வெட்டுப்பட்டிருந்தால் மீட்டர் சொல்லாது. ஆசிலோஸ்கோப் கிடைத்தால் அலையின் உச்சி தட்டையாகிறதா என்று நேராகவே பார்த்துவிடலாம்.

கிராஸ்ஓவருக்கு லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டரின், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் தொடங்குங்கள்: சப் 80 ஹெர்ட்ஸ் வரை, மிட்பேஸ் 80 முதல் 2500 வரை, உச்ச ஸ்வரங்களுக்கான ட்வீட்டர் அதற்கு மேல். சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் 6 டெசிபல் குறைந்து, ஒரே ஃபேஸில் கூடி, சமமாகும். ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண்ணின் இருமடங்குக்குக் கீழே வெட்டாதீர்கள். டிஎஸ்பியில் இதைச் சேமித்த பிறகே ட்வீட்டரை இணையுங்கள். 68 மைக்ரோஃபாரட் போலாரிட்டி இல்லாத கெபாசிட்டரைத் தொடரில் போட்டால், 4 ஓம் ட்வீட்டருக்கு அது சுமார் 585 ஹெர்ட்ஸில் வெட்டும். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ‘டப்’ ட்வீட்டரைக் கொல்லாது.

சப்புக்கு மூடிய பெட்டியையே சொல்வேன். ஸ்பீக்கரின் விவரத்தாளில் உள்ள விஏஎஸ் (Vas) 40 லிட்டர், க்யூடிஎஸ் (Qts) 0.45, பெட்டியில் நமக்கு வேண்டிய மொத்த க்யூ 0.707 என்றால், 0.707ஐ 0.45ஆல் வகுத்து வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் 1.47. நாற்பதை அதனால் வகுக்க, பெட்டியின் அளவு 27 லிட்டர். மூடிய பெட்டி கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறங்கும். காரின் சிறிய அறை கீழ் ஸ்வரங்களைத் தானே தூக்கிவிடுவதால் அந்த இறக்கம் பெருமளவு ஈடாகிவிடும்.

குரலைக் கதவிலிருந்து டாஷ்போர்டின் நடுவுக்குக் கொண்டுவருவது டிலே, அதாவது பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவது. அதற்கு முன் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் சரியா என்பது): மிட்பேஸ் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடு ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். பிறகு தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளவெடுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34.4 சென்டிமீட்டர் போகும். சப் 206, தூரக் கதவு 138, பக்கத்துக் கதவு 90 சென்டிமீட்டர் என்றால், சப்புக்கு 0, தூரத்துக்கு 1.98, பக்கத்துக்கு 3.37 மில்லி செகண்ட். ஒற்றைக் குரல் மோனோ பதிவை ஓட்டி, டிலேயை 0.02 மில்லி செகண்ட் வீதம் நகர்த்தினால் குரல் நடுவில் வந்து நிற்பது தெளிவாகக் கேட்கும். அடுத்து 80 ஹெர்ட்ஸ் டோனில் சப்பின் போலாரிட்டியை மாற்றிப் பாருங்கள். இருக்கையில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதுவே சரி. சரியாக அமைந்ததும் டிக்கியிலிருந்து வந்த பேஸ் முன்னால் வந்துவிடும்.

இப்போதுதான் ஈக்வலைசர். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) ஓட்டி, அளவீட்டு மைக்கைத் தலையின் இடத்தில் மெதுவாகச் சுழற்றிச் சராசரி எடுங்கள். இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி. மேடுகளை வெட்டுங்கள். எதிரொலி மோதி அழிந்ததால் வந்த பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள்: 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், பள்ளம் அப்படியேதான் இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே 1 கிலோஹெர்ட்ஸைவிட 8 முதல் 10 டெசிபல் தூக்கலாகவும், மேலே போகப் போக மெல்லச் சரிவாகவும் இருப்பது ஓடும் காரில் இதமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

எல்லாம் முடிந்ததும் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் ஒலியை ஓட்டி, எங்கே கடகடக்கிறது என்று கையால் அழுத்தித் தேடுங்கள். பின்பக்க நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள். அதன் பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப் போதும்.