நாற்பதாவது வரி

சேமிப்பைப் பற்றி யார் கேட்டாலும் என்னுடைய எக்செல் தாளைத்தான் திறந்து காட்டுவேன். மொத்தம் 40 வரிகள், ஆண்டுக்கு ஒன்று. 10,000 போட்டு, 8 சதவீதக் கூட்டு வட்டியில், தொடாமல் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

முதல் ஆண்டு வட்டி 800. அடுத்த ஆண்டு 864. "இந்த 64-க்கா இவ்வளவு பேச்சு?" என்பார்கள். ஆனால் அந்த 64-தான் வட்டி போட்ட குட்டி. பணம் இரட்டிப்பாகவே ஒன்பது ஆண்டு ஆகும் (72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்). அதற்குள் பலருக்குச் சலித்துவிடுகிறது.

நான் விரலை நேராகக் கீழே கொண்டுபோவேன். 30-ஆம் வரியில் 1,00,627. 40-ஆம் வரியில் 2,17,245. முதல் முப்பது ஆண்டில் சேர்ந்த வட்டியைவிடக் கடைசிப் பத்தாண்டில் சேர்ந்தது அதிகம்! நாற்பதாம் ஆண்டு வட்டி மட்டுமே 16,092, போட்ட முதலையே தாண்டிவிடுகிறது. தனி வட்டியாக இருந்தால் கையில் மொத்தமே 42,000-தான்.

எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. பத்தாம் ஆண்டு முடிவில் ஏதோ செலவுக்கு 5,000 எடுக்கிறோம். ஐயாயிரம்தானே என்று தோன்றும். கடைசி வரியில் குறைவது 50,313. அதனால்தான் அவசரத் தேவைக்கான பணத்தை முதலிலேயே தனியாக ஒதுக்கிவையுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

பங்குச் சந்தையில் வருஷா வருஷம் 8 என்று ஒழுங்காக வராது. சில ஆண்டுகள் இறங்கும், விலைவாசியும் ஒரு பங்கைத் தின்னும். அதையெல்லாம் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நம் பணத்தை நிர்வகிப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தைக் குறைக்க முடியும். ஆண்டுக்கு 1 சதவீதம் கட்டணம் போய் 7 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால், நாற்பதாவது வரி 1,49,745 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணோம்.

1790-இல் இறந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன், பிலடெல்பியா என்ற இரண்டு அமெரிக்க நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு உயில் எழுதிவைத்தார். இளம் தொழிலாளர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து 200 ஆண்டுகள் பெருக்க வேண்டும், நூறாவது ஆண்டில் ஒரு பகுதியை ஊர் நலனுக்கு எடுக்கலாம் என்பது ஏற்பாடு. 1990 வாக்கில் பாஸ்டனில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் இருந்தது. பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம். ஒரே தொகை, ஒரே காலம். நிர்வகித்த கைகள்தான் வேறு.