அம்மாவின் மஞ்சப்பையும் என் சி.பி.எஸ். எண்ணும்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2004-இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்தவள். என் பக்கத்து நாற்காலி டீச்சர் 2001-இல் சேர்ந்தவர். இருவருக்கும் ஒரே பிள்ளைகள், ஒரே நோட்டுக் கட்டு. ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் வந்தவர்கள் எல்லாரும் பங்களிப்பு ஓய்வூதியம் (சி.பி.எஸ்.) என்று அரசு கோடு போட்டதால், எனக்கு மட்டும் ஓய்வூதியத்துக்காக அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்ததில் 10 சதவீதம் மாதாமாதம் போகிறது.

2026 ஜனவரி 3 அன்று முதல்வர் ஸ்டாலின் புதிய உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே லட்டுப் படம். கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படி உயர்வு, நமக்குப் பிறகு குடும்பத்துக்கு 60 சதவீதம். பிடித்தம் மட்டும் அதே 10. தபால் துறையில் இருக்கும் என் தம்பிக்குப் பொறாமை. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யூ.பி.எஸ்.ஸில் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில்தான் பாதி. அதுவும் 25 வருடம் வேலை பார்த்திருந்தால்.

அந்த 60-ஐப் பார்த்து நானும் முதலில் மயங்கித்தான் போனேன். அப்புறம் அம்மா ஓய்வூதியப் புத்தகம் வைத்திருக்கும் மஞ்சப்பையைத் திறந்தேன். அப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்கு வருவது பழைய திட்டத்துக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். புதிய திட்டத்தில் அந்தப் பாதிச் சம்பளத்தில் 60 சதவீதம் என்றால் எவ்வளவு? அதே 30தான். நான் கணக்கு டீச்சர் வேறு!

இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். காரணம், சி.பி.எஸ். மாதிரி மொத்தமாக இல்லாமல் மாதாமாதம் வருவது. எங்கள் பக்கம் மொத்தமாகப் பணம் வந்தால் அது யார் வீட்டிலும் தங்காது. சி.பி.எஸ்.ஸில் ஓய்வு பெற்ற அக்கா ஒருவருக்கு மொத்தத் தொகை வந்த ஆறே மாதத்தில், மகளின் சீர்வரிசைக்குப் பாதி, கொழுந்தன் மகனின் கடைக்கு மீதி. இப்போது முறுக்கும் மணகோலமும் சுட்டு விற்கிறார். அம்மாவிடம் யாரும் இதுவரை கைமாற்று கேட்டதில்லை. மாதம் பிறந்ததும் மாத்திரை, பால் பாக்கி, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 500. மருமகள் முன்னால் கை நீட்டாமல் திண்ணையில் உட்கார்ந்து அதிகாரம் செய்ய அது போதும்.

தொகுப்பூதியத்தில் போன அந்த இரண்டு வருடம் என் சேவைக் கணக்கில் சேருமா என்பது தனிப் புலம்பல். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

போன வாரம் அம்மாவை, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலுக்குக் கருவூலம் அழைத்துப் போனேன். கட்டைவிரலை மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. 76 வருடம் புளி கரைத்த விரல். சேலைத் தலைப்பில் துடைத்து நாலாம் முறை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வந்து புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"உனக்கும் இந்த மாதிரி புஸ்தகம் குடுப்பாகளா?"

"2034-லதாம்மா எனக்கு ரிட்டயர்மெண்ட்."

"அதுக்குள்ள எனக்கு எம்பது தாண்டிரும். கூட 20 பர்சென்ட் போட்டுக் குடுப்பாக" என்று ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.