முள்ளங்கித் தொட்டியில் ரம்ப ஈ: கால்களை எண்ணிய பிறகு

முதல் நாள்

விதைத்து மூன்று வாரமான முள்ளங்கி இலைகள் சல்லடையாகிவிட்டன. சில செடிகளில் நடு நரம்பு மட்டுமே மிச்சம். ஒரு வாரமாக பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா பூச்சிமருந்தைத் தெளித்துப் பார்த்தேன். முட்டைக்கோஸ் புழுக்களை நன்றாகக் கட்டுப்படுத்திய மருந்து அது. இங்கே ஒரு புழுகூடச் சாகவில்லை. பகலில் தேடினால் புழுவே கண்ணில் படுவதில்லை. இன்று விடியற்காலையில் போனபோதுதான் கூட்டமாகத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். கரும்பச்சை நிறம், முதுகில் நீளவாட்டில் கோடுகள். தொட்டதும் சுருண்டு மண்ணில் விழுந்து செத்ததுபோல் கிடந்தன.

ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் கால்களை எண்ணினேன். மார்பில் மூன்று இணை உண்மைக் கால்கள். அவற்றுக்குப் பின்னால் வயிற்றில் எட்டு இணை பொய்க்கால்கள், அதாவது புழுப் பருவத்தில் மட்டும் இருக்கும் சதைக் கால்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொய்க்கால் ஐந்து இணைக்கு மேல் இருப்பதில்லை. தலையின் பக்கத்துக்கு ஒரு கண் மட்டும், கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரிந்தது. ஆக, இது கடுகு ரம்ப ஈயின் புழு. பெயரில் ஈ இருந்தாலும் குளவி, தேனீ, எறும்பு ஆகியவற்றின் உறவு. கொடுக்கும் இல்லை, ஒடுங்கிய இடுப்பும் இல்லை. நான் தெளித்த மருந்து வண்ணத்துப்பூச்சி வகைப் புழுக்களுக்கானது. இவற்றை அது ஒன்றும் செய்யாது. எந்தப் புழு என்று பார்க்காமல் மருந்தைக் கையில் எடுப்பது எவ்வளவு வீண் என்பது ஒரு வார இழப்புக்குப் பிறகு உறைத்தது.

இரண்டு முதல் ஆறாம் நாள் வரை

செடிக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டை வைத்து, விடியற்காலையிலும் மாலையிலும் இலையை மெல்லத் தட்டினேன். விழுந்து சாகிறமாதிரி நடிக்கும் அவற்றின் பழக்கமே எனக்கு உதவியது. தட்டத் தொடங்கிய அன்று நாற்பதுக்கு மேல் விழுந்தன. ஐந்தாம் நாள் மூன்றுதான். நாற்றுப் பருவத்தில்தான் சேதம் மிகுதி. இளஞ்செடியில் இரண்டு இலை போனாலே அது எழுந்து நிற்பது சிரமம். நான்கு செடிகளை இழந்தேன். மற்றவை புதுத் தளிர் விட்டுவிட்டன.

நன்கு வளர்ந்த மூன்று புழுக்களை மட்டும் மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தனித்தனியாக, ஈர மண்ணும் முள்ளங்கி இலையுமாக வளர்த்தேன். ஆறாம் நாள் மூன்றும் தின்பதை நிறுத்தி மண்ணுக்குள் போய்விட்டன. அங்கேதான் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். தோட்டத்திலும் அப்படித்தான் என்பதால், அறுவடைக்குப் பின் தொட்டி மண்ணைக் கிளறிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

இருபதாம் நாள்

ஒரு புட்டியில் இறக்கை முளைத்த ஒன்று! ஆரஞ்சு நிற உடல், கருந்தலை, புகை படிந்தாற்போன்ற இறக்கைகள். வயிற்றின் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பழுப்பு நிற மெல்லிய உறை. அதற்குள்தான் பெயருக்குக் காரணமான ரம்பம். பெண். அடுத்த இரண்டு புட்டிகளில் இன்னும் அசைவில்லை.

இருபத்து இரண்டாம் நாள்

புது இலை ஒன்றை வைத்தேன். அந்தப் பெண் ஈ இலை விளிம்பில் கால்களைப் பரப்பி நின்று, வயிற்றை வளைத்து, விளிம்பை மெதுவாக அறுத்தது. ஒரு முட்டைக்கு ஒரு பிளவு. இடைவிட்டு ஏழு முறை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் சிறு புடைப்புகள், உள்ளே முட்டைகள். வெளியிலிருந்து பார்த்தால் இலைக்கு ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கிறது. இவ்வளவு நேர்த்தியாக ஒளித்துவைப்பதை நான் கண்ணால் பார்க்காமலிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இது ஆணைச் சந்திக்கவே இல்லை. இருந்தும் முட்டையிட்டது. இந்த வகையில் கருவுறாத முட்டையிலிருந்தும் குஞ்சு வரும். வருபவை அத்தனையும் ஆண்.

இருபத்து ஐந்தாம் நாள்

தாய் இன்று காலை இறந்துகிடந்தது. ஏழு புடைப்புகளில் ஐந்து பெருத்திருக்கின்றன. இலை வாடாமலிருக்கக் காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.